தங்கச்சி மகள் எனக்கு வைத்த பேர்

நான் திருவனந்தபுரம் போனபோது சமஸ்தானத்து எல்லையிலேயே எனக்காக மோட்டார் வண்டி காத்து நின்றது. என்னைக் கண்டதும் சேவகர்கள் எழுந்து நின்றார்கள்.

பொய். வண்டி நின்றது நிஜம்தான். எனக்காக இல்லை, அதன் கரியடுப்பு பற்றிக்கொள்வதற்காக. சேவகர்கள் எழுந்ததும் நிஜம்தான். என் மூட்டையைச் சோதனை போடுவதற்கு.

"ஓய் சுடலை, பொய்யிலே ஆரம்பிச்சா பத்திரிகைக்காரன் போடுவானா?" என்கிறார் இதை எழுதுகிற சாமி.

"மாட்டுத் தரகன் வேற எதுல ஆரம்பிப்பான் சாமி?"

என் பேர் சுடலைமுத்து. வள்ளியூர்ப் பக்கம். எழுத்து என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டுத் தொடையில் போடுகிற சூடுதான். அதனால் நான் சொல்கிறேன், கரமனை அக்கிரகாரத்துச் சாமி எழுதுகிறார். முன்னொரு சமயம் இவருக்கு ஒரு கறவை பிடித்துக் கொடுத்தேன். அது இன்னும் கறக்கிறது. நான் சொல்வதை ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்றால் அந்தப் பசுவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வந்த காரியம் இதுதான். என் தங்கச்சி மகள் இசக்கிக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல், கண்ணையும் காதையும் சேர்த்தே கொண்டு போய்விட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்? குத்தினார்கள். "கேக்காத காதுக்குக் கம்மல் எதுக்குவே, அதை எனக்குப் போடுங்க" என்று சொன்னேன். பந்தலே சிரித்தது. தங்கச்சி சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கச்சி களையெடுக்கப் போகும்போது பிள்ளையைக் கால் கட்டி உரலோடு பிணைத்துவிட்டுப் போவாள். வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு. வேறு என்ன செய்வாள்? முடிச்சு நான் போட்டுக் கொடுத்தது. கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சாமிதான் ஒருநாள் சொன்னார், தன் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் வாய் பேசாத பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிறாள், கூட்டி வந்து காட்டும் என்று. தங்கச்சி நிறைமாதம். அவள் புருஷன் சில மாதம் முன்னால்தான் பர்மா போனவன், சண்டைக்குத் தப்பி அங்கிருந்து எந்த வழியாக நடந்து வருகிறானோ, தெரியாது. ஆகவே நான். பிள்ளையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புறப்படும்போது தங்கச்சி மூட்டையில் அந்தக் கயிற்றையும் வைத்தாள். "தேவைப்படும்ணே" என்றாள்.

எல்லைச் சாவடியில் என் புகையிலையை இசக்கியின் துணிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். சேவகன் மலையாளத்தில் கேட்டான்: "உள்ளே என்ன?"

"குருட்டுப் பிள்ளையோட துணிமணி எசமான்."

சொல்லி வாய் மூடவில்லை. இசக்கி மூக்கை நீட்டி மோந்தாள். துணியை உதறினாள். புகையிலைக் கட்டை வெளியே இழுத்து, என் கையைத் தேடிப் பிடித்து, அதில் திணித்தாள். மாமா பொருள் மாமாவுக்கு.

சேவகன் சிரித்துச் சிரித்து இருமினான். "கண் தெரியாத பிள்ளையா? நான் தேடினால் கிடைத்திருக்காது!" என்றான். புகையிலை அவன் மடிக்குப் போனது.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. வண்டியின் பின்புறம் ஓர் அடுப்பைக் கட்டிக் கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். ஏற்றம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். நான் வண்டியில் போனதைவிட வண்டி என் தோளில் போனதுதான் அதிகம். எங்கள் ஊர் மாட்டு வண்டியில் இறங்கித் தள்ளச் சொன்னால் வண்டிக்காரனுக்கு அடி விழும். இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வக்கீல்கூடத் தள்ளுகிறார். இசக்கியை மட்டும் உள்ளேயே உட்கார வைத்திருந்தோம். அவள் பலகையில் உள்ளங்கையை ஒட்டி வைத்திருந்தாள். எஞ்சின் பிடித்து உதறும்போதெல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

மத்தியானம் வண்டி நின்ற இடத்தில் சோறு இல்லை. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மத்தி மீன் கறியும்தான். பர்மா அரிசி நின்றதிலிருந்து இந்த நாடே கிழங்கில்தான் உயிர் பிடித்திருக்கிறது. வாழையிலையில் ஆவி பறக்க வந்தது. வழக்கம்போல நான் இசக்கி இலையிலிருந்து ஒரு துண்டைச் சத்தமில்லாமல் எடுத்தேன். சத்தமில்லாமல் என்ன சத்தமில்லாமல்! தமுக்கடித்து எடுத்தாலும் அவளுக்குக் கேட்காது. துண்டைக் காணோம் என்று அவள் இலை முழுக்கத் தடவுவாள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் இது பழைய விளையாட்டு.

அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. எதிரில் இருந்த மீன்காரி என்னைப் பார்த்தாள். பிறகு தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இசக்கியின் இலையில் வைத்தாள். 

மறுநாள் டீச்சர் வீடு. மணி, கொடி, பெரிய கட்டடம் என்றெல்லாம் நினைத்துப் போனேன். ஓட்டு வீடு, முற்றத்தில் ஒரு பலாமரம். காது கேட்காத பிள்ளைகள் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. கெட்ட வார்த்தை உண்டு என்று மட்டும் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஞானம் டீச்சர் நாஞ்சில் நாட்டுப் பக்கத்து வேதக்காரி, கிறிஸ்து கோயிலுக்குப் போகிறவள். நரைத்த தலை, வட்டக் கண்ணாடி.

"இரிங்க அண்ணாச்சி. பிள்ளைக்குக் காலுல என்ன வடு?"

"அது... விளையாடும்போது..."

"என்ன விளையாட்டு?" என்று கேட்டவள், பிள்ளைகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாக வந்தாலும் பிள்ளைகள் கூடிக் கையால் ஒரு பேர் வைத்துவிடும். டீச்சரின் பேர், மூக்கின் மேல் கண்ணாடியைத் தள்ளுவது. சாமியின் பேர், பின்னந்தலைக் குடுமியைத் தட்டுவது. (சாமிக்கு இது இப்போதுதான் தெரியும். எழுதிக்கொண்டே தலையைத் தடவுகிறார்.) பிள்ளைகள் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மீசையை முறுக்கிக் காட்டின. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"செரி, உங்களுக்குப் பேரு கிட்டியாச்சு. இவ உங்களை எப்படி விளிக்கா?" என்றாள் டீச்சர்.

"இவளா? இவளுக்கு ஏது டீச்சரம்மா பேச்சு?"

"பாப்பமே."

ஒரு தட்டில் பழத்துண்டு போட்டு இசக்கியின் முன்னால் வைத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து என் முகத்தில் வைத்தாள். அந்தக் கை என் மீசையைத் தடவியது, மூக்கைத் தடவியது. பிறகு வெடுக்கென்று திரும்பிப் போய், இரண்டு கையையும் தட்டைச் சுற்றி வளைத்து, தாடையையும் அதன் மேல் வைத்துக்கொண்டது.

பிள்ளைகள் பார்த்தன. ஒரு நிமிஷம்தான். உடனே எல்லாமாகத் தரையில் உட்கார்ந்து கையை வளைத்து, தாடையைத் தாழ்த்தி, என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தன. மீசை போயிற்று. அன்றைக்கு விழுந்த பேர் அது.

"இது என்னது அண்ணாச்சி?"

"பசியா இருக்கும் டீச்சரம்மா."

டீச்சர் இசக்கியின் கையைத் தன் முகத்தில் வைத்தாள். பிள்ளை தட்டை மறைக்கவில்லை. மறுபடி என் முகத்தில் வைத்தாள். மறைத்தது.

நான் தரையைப் பார்த்தேன். சந்தையில் பல்லுப் போன மாட்டை இளங்காளை என்று விற்று, மறுநாள் அதே ஆளிடம் மாட்டிக்கொண்டபோதுகூட நான் தரையைப் பார்த்ததில்லை.

"இதைப் பேருன்னு முழுசாச் சொல்ல முடியாது," என்றாள் டீச்சர். "முன்னால தட்டு இருக்கு, மறைக்கா. பூனைக்குட்டியும் மறைக்கும். முன்னால இல்லாத ஒண்ணை இவளா ஒருநாள் கேட்டான்னா, அண்ணைக்குப் பேச்சு பிறந்தாச்சு. பின்னே நான் படிப்பிச்சிருவேன். கண்ணு காது ரெண்டும் இல்லாத பிள்ளையை நான் இதுவரை தொட்டதில்ல, கேட்டேளா. வேற தேசத்துல படிப்பிச்சிருக்காங்கன்னு வாசிச்சிருக்கேன், அம்புடுதான். மாசக் கடைசி வரை பாப்போம். கேட்டான்னா இங்க நிக்கட்டும். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருங்க. எனக்கு அரிசியும் இல்ல, ஆளும் இல்ல."

எங்கே கூட்டிப் போவேன் என்று அவள் கேட்கவில்லை. கணுக்காலைத்தான் பார்த்தாள்.

"அதுவரை நீங்களும் நிக்கணும். இந்த ஊர்ல அவளுக்குத் தெரிஞ்ச கை உங்க கைதான்."

"என் கையைத் தெரிஞ்சுதானே தட்டை மறைக்கா?"

"சாரமில்ல, பரவாயில்ல. தெரியாத கைக்கு அது மேல்."

மூட்டையைப் பிரித்தபோது கயிறு வந்தது. டீச்சர் அதைக் கையில் எடுத்து முடிச்சைப் பார்த்தாள். கதவிலிருந்து அடுக்களை வழியாகக் கிணற்றடி வரை, பிள்ளையின் இடுப்பு உயரத்தில் அதை இழுத்துக் கட்டச் சொன்னாள். அடுக்களை வாசலில் கயிற்றோடு ஓர் அகப்பையைத் தொங்கவிட்டாள். கிணற்றடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அன்று சாயங்காலமே இசக்கி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அகப்பைக்கும் சிரட்டைக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து யாரும் கையைப் பிடிக்காமல் அவள் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

"கையால பேசத் தெரியுமா?" என்று டீச்சர் கேட்டாள்.

"தெரியாது."

வேலிக்கு அந்தப் பக்கம் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சாமி குரல் கொடுத்தார். "பொய் சொல்றான் டீச்சர்! எனக்கு மாடு பிடிச்சப்போ துண்டைப் போட்டு மூடிண்டு கையாலேதான் பேசினான். வாயே திறக்கலே!"

நிஜம்தான். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அமுக்குவோம். எந்த விரல், எத்தனை அமுக்கு என்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம். அந்தப் பேச்சை நான் மீசை முளைக்கும் முன்னே படித்தவன். ஊர் பேர் தெரியாதவன் கையோடெல்லாம் பேசியிருக்கிறேன். தங்கச்சி மகள் கையோடு ஒரு சொல் பேசியதில்லை. தோன்றவே இல்லை.

டீச்சர் சொல்லிக் கொடுத்தது லேசு. விரலைக் குவித்து உள்ளங்கையில் ஒரு குத்து என்றால் சோறு. ஒரு தடவல் என்றால் தண்ணீர். சொன்ன உடனே அந்தப் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு குறி, ஒரு பொருள், மாறக் கூடாது. துண்டு போடாமல் என் விரல் பேச மறுத்தது. கோவணம் இல்லாமல் நிற்பதுபோல் கூசியது. போட்டுக்கொண்டே பேசினேன். பிள்ளைகள் குனிந்து துண்டுக்குள் எட்டிப் பார்த்தன. சில நாளில் என் குத்துக்கே இசக்கி எழுந்து அகப்பையை நோக்கி நடந்தாள். "டீச்சரம்மா, மாட்டுத் தரகு போதும், நானும் வாத்தியார் ஆயிடுதேன்" என்றேன். தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் ஒருநாள் காலை அவளைக் கரமனை ஆற்றுக்குக் குளிக்கக் கூட்டிப் போனேன். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். இடுப்பளவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இழுத்தேன், படியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ டீக்கடையில் போய் உட்கார வேண்டும். துண்டைப் போட்டேன். சோறு என்று குத்தினேன்.

உடனே எழுந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கயிற்றைப் பிடித்து, அகப்பையைத் தொட்டு, அடுக்களையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

சோறு இல்லை. ரேஷன் டிப்போவில் அரிசி வரவில்லை. கிழங்குகூட இன்னும் தோல் உரிக்காமல் கிடந்தது. நீட்டின கையை என்ன செய்வது? சந்தையில் பேரம் நின்றுபோனால் தரகன் அதே விலையை மறுபடி அமுக்குவான். எதிராளி மசிவான் என்று. என் விரல் தானாக அதைத்தான் செய்தது. மறுபடி சோறு என்று குத்தினேன். அவள் காத்திருந்தாள். மறுபடியும் குத்தினேன்.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

சந்தையில் கை மூடினால் பேரம் முறிந்தது என்று அர்த்தம். இந்தப் பிள்ளை சந்தையையே கண்டதில்லை.

அதற்குப் பிறகு என் கைக்கு மட்டுமில்லை, டீச்சர் கைக்கும் அவள் திறக்கவில்லை. இரண்டு கை விரலையும் முட்டியாக மடக்கி, அக்குளில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கயிற்றையும் தொடவில்லை. டீச்சருக்கு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"சந்தையில ஒருத்தன் பொய் சொன்னா அடுத்த ஆள்ட்ட போலாம்," என்றாள். "இவ யாருட்ட போவா அண்ணாச்சி?"

அதைக் கேட்டபிறகு அங்கே இருக்க என்னால் முடியவில்லை. மறுநாள், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். தங்கச்சிக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். டீச்சர் சரியில்லை, ஊர் சரியில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல நல்ல பொய்கள். ஒன்றைவிட ஒன்று பொருத்தமாக இருந்தது.

பாதியில் மனசாட்சி உறுத்தித் திரும்பி வந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உறுத்தியது நிஜம், ஆனால் அது என்னைத் திருப்பவில்லை. வண்டியின் கரியடுப்புதான் பற்றவில்லை. கண்டக்டர் மலையாளத்தில் கத்தினான்: "போக வேண்டியவன் வந்து விசிறியைச் சுற்று!" நான்தான் போய்ச் சுற்றினேன். ஓடிப் போகிற அவசரத்தில் கை வலிக்கச் சுற்றினேன். முகமெல்லாம் கரி. கடைசியில் கண்டக்டர் கையை விரித்துவிட்டான். "நாளைக்கு வாங்க."

கரி முகத்தோடு திரும்பினேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கடையில என்ன வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள். மூலைக்குப் போய் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கு என் பக்கம் திரும்பியது. என் கையை மோந்தாள். சட்டையை மோந்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள். அந்தப் புகை வாசனை என்றைக்கு வந்ததோ, அன்றைக்குத்தான் அவள் அம்மா வாசனை இல்லாமல் போயிற்று. அவளுக்கு அது தெரியும். நான் எங்கே போய்விட்டு வந்தேன் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

முட்டி திறந்தது. கைக்கு இல்லை, துண்டுக்கு. என் துண்டின் நுனியைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். திருடனைப் பிடித்த போலீஸ்காரன்கூட அப்படிச் சுற்ற மாட்டான். நான் எழுந்தால் அவளும் எழுந்தாள். அன்று நான் பட்ட வெட்கம் போதும். எனக்கு இனிமேல் புதிதாக வெட்கம் வாங்க வேண்டாம்.

அதற்குப் பிறகு என் விரல் பொய் சொல்லவில்லை. வாய் சொல்லும், அதை நிறுத்த முடியாது. கையில் சோறு இருந்தால்தான் சோறு என்று குத்துவேன், அதுவும் மூடின முட்டியின் மேலேயே. என் தட்டிலிருந்து முதல் பிடியை அவள் தட்டில் வைப்பேன். அவள் இரண்டு கையாலும் தட்டை மறைப்பாள். நான் மறைத்த கைக்கு மேலே வைத்துவிட்டு வருவேன். புறங்கையில் சோற்றோடு சந்தேகமாக உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நாலைந்து நாள் கழித்து ஒரு கையை மட்டும் கொஞ்சம் தூக்கி வழிவிட்டாள். பிறகு உள்ளங்கை திறந்தது. ஆனால் முன்னால் இல்லாத ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை. வைத்தால் சாப்பிடுவாள், கொடுத்தால் குடிப்பாள். டீச்சர் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று மாசக் கடைசி. சாயங்காலம் டீச்சர் பதில் சொல்லியாக வேண்டும். மூட்டை கட்டி வைத்தாயிற்று. கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அங்கே உட்கார முடியாமல்தான் சாமியின் மாட்டுத் தொழுவத்துக்கு வந்து இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இசக்கி தூங்கும்போது துண்டை மெதுவாக உருவிக்கொண்டு வந்தேன்.

"நேத்திக்கு விழிஞ்ஞம் போனேளே, அதையும் சொல்லும். கடல் வந்தாத்தான் படிக்கிறவனுக்கு ருசிக்கும்," என்கிறார் சாமி.

சொல்கிறேன். நேற்று மீன் வண்டியில் இடம் கேட்டு விழிஞ்ஞம் போனோம். கடலை இசக்கிக்கு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்தது தண்ணீருக்கு ஒரு தடவல்தான். அலை வந்து காலில் விழுந்ததும் என் கையைப் பிடித்து அவளே தடவிக் காட்டினாள். தண்ணீர் என்று. பிறகு நாக்கில் வைத்துப் பார்த்து, தூவென்று துப்பிவிட்டு, நான்தான் ஏமாற்றிவிட்டேன் என்று என்னைப் போட்டு அடித்தாள். நான் செய்யாத ஒரு தப்புக்கு அடி வாங்கினது நேற்றைக்குத்தான். கரையில் ஒரு வலைக்காரன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கிட்டே வந்து, "ஏ மாமா, பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்து—

"அண்ணாச்சி! ஓ அண்ணாச்சி!"

டீச்சர். வேலிக்கு அந்தப் பக்கம், மூச்சு வாங்க நிற்கிறாள்.

"சோறு வச்சாச்சா டீச்சரம்மா? வாரேன்."

"சோறும் இல்ல, தட்டும் இல்ல. அடுப்பே பத்த வைக்கல்ல. எழும்பி வந்து வெறுந்தரையில இரிந்துகிட்டு ரெண்டு கையையும் வளைச்சு வைக்கா. வாசல் பக்கம் கையை நீட்டித் தேடுகா. பின்னயும் வளைச்சு வைக்கா. பிள்ளைங்க எல்லாம் வேலி வரை ஓடி வந்து உங்களைக் காட்டுது. வாங்கன்னா!"

சாமி, பேனாவைக் கீழே வையுங்க. வலைக்காரன் கிடக்கட்டும். அவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுதா.